பிபிஓ-ல மனைவி பேரு இல்லைன்னா: பட்டாளத்துக்காரர் குடும்ப பென்ஷன் வாங்குற வழி

எங்க அத்தைக்குக் கல்யாணம் ஆனது 1975-ல, திருப்பரங்குன்றம் கோயில்ல, ஊரே வந்து சாப்பிட்டு மொய் எழுதிட்டுப் போன கல்யாணம். மாமா 1966-ல பட்டாளத்துல சேந்து 1983-ல பென்ஷனோட வந்தவரு. 2021-ல அவரு இறந்ததும் பென்ஷன் தானா அத்தை பேருக்கு மாறிரும்னு நெனச்சு பேங்குக்குப் போனா, இந்த பிபிஓ-ல (பென்ஷன் குடுக்கச் சொல்ற உத்தரவு) உங்க பேரே இல்லையேம்மாங்கிறாங்க. நாப்பத்தாறு வருசம் குடும்பம் நடத்தி நாலு பிள்ளை பெத்தவங்களைப் பாத்து நீங்க அவரு சம்சாரம்ங்கிறதுக்கு என்ன ஆதாரம்னு கேட்டா எப்படி இருக்கும், அத்தை ஒரு வாரம் யார்கிட்டயும் பேசலை. அதுல இருந்து முதல் பென்ஷன் அக்கவுண்ட்ல விழ ரெண்டரை வருசம் ஆச்சு. அதுல ஒரு வருசமாவது நான் விவரம் தெரியாம அங்கிட்டும் இங்கிட்டும் ஓடுனதுல வீணாப்போனது. உங்க வீட்டுல இப்படி ஒண்ணு நடந்திருந்தா அந்த ஒரு வருசமாவது மிஞ்சட்டும்னுதான் எழுதுறேன்.

ஒண்ணை மட்டும் முதல்லயே மனசுல ஏத்திக்கோங்க. கல்யாணம் நடந்துச்சா இல்லையாங்கிறது உங்களுக்கும் ஊருக்கும் தெரியும், ஆனா பென்ஷன் குடுக்குறவங்களுக்கு அவரோட ரெஜிமெண்ட் ரெக்கார்டுல என்ன எழுதியிருக்குங்கிறதுதான் கணக்கு. அதனால மொதல்ல அந்த ரெக்கார்டுல என்ன இருக்குன்னு பாருங்க, அப்புறம் ஆதாரம் தேடுங்க. நான் இதைத் தலைகீழா செஞ்சேன்.

1. இறந்த ஒரு மாசத்துக்குள்ள முடிக்க வேண்டியது

இறப்பை 21 நாளுக்குள்ள பதிஞ்சிருங்க, பஞ்சாயத்தா இருந்தாலும் மாநகராட்சியா இருந்தாலும் அதுதான் கெடு, அதுக்குள்ளன்னா காசும் கிடையாது. பேரு, அப்பா பேரு எல்லாம் அவரோட டிஸ்சார்ஜ் புக்குல (பட்டாளத்துல இருந்து வந்தப்ப குடுத்த புத்தகம்) இருக்குற மாதிரியே எழுதச் சொல்லுங்க. ஊர்ல கூப்பிடுற பேரைச் சொல்லிட்டு வந்துட்டா அப்புறம் திருத்த ஒரு தனி அலைச்சல். சர்டிபிகேட்டுல ஒரு பத்து காப்பியாவது எடுத்து வைங்க.

அடுத்து பேங்குல எழுத்து மூலமா சொல்லிருங்க. இங்கதான் நாங்க முதல் அடி வாங்குனோம். மாமா இறந்த தகவல் போகாததால அடுத்த மாசமும் பென்ஷன் விழுந்துச்சு, அத்தை மகன் கருமாதிச் செலவுக்குன்னு ஏடிஎம்-ல எடுத்துட்டான். இறந்த நாள் வரைக்கும்தான் அவரு பென்ஷன், அதுக்கு மேல விழுந்தது எல்லாம் அரசாங்கக் காசு, பின்னாடி பிடிச்சிருவாங்க. ஏடிஎம் கார்டைத் தொடாதீங்க.

2. ட்ரங்குப் பெட்டியைத் திறங்க

பட்டாளத்துல இருந்து வந்தவங்க வீட்டுல கறுப்பு ட்ரங்குப் பெட்டி ஒண்ணு இருக்கும், அதுல பிபிஓ, டிஸ்சார்ஜ் புக்கு, பழைய ஐடி கார்டு எல்லாம் கெடக்கும். எங்களுக்கு பிபிஓ ஒரிஜினல் கிடைக்கலை, ஆனா பெட்டி மேல வெள்ளைப் பெயிண்ட்ல மாமாவோட ஆர்மி நம்பர் எழுதியிருந்துச்சு. அந்த நம்பர், ரேங்க், பேரு, ரெஜிமெண்ட் இந்த நாலும் இருந்தா போதும், மத்ததைத் தேடி எடுத்துரலாம்.

இப்ப மூணு விஷயம் பாருங்க. பிபிஓ-ல மனைவி பேரு இருக்கா? இருந்து, ஆதாரோட எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போனா நீங்க கோர்ட்டு, தாசில்தார்னு எங்கயும் அலைய வேண்டாம், நேரா 8-வதுக்குப் போயிருங்க. பேரு இருக்கு ஆனா ஸ்பெல்லிங் வேற, பிறந்த தேதி வேறன்னா 5-வது உங்களுக்குத்தான். பேரே இல்லைன்னா வரிசையா எல்லாத்தையும் படிங்க. மாமா காலத்து பழைய பிபிஓ-க்கள் பலதுல மனைவி பேரு இருக்காது, அது உங்க தப்பு இல்லை.

இன்னொண்ணு, அவரு பென்ஷன் வாங்குனவரா இல்லையான்னு உறுதி பண்ணிக்கோங்க. ஜவான், ஹவில்தார் மாதிரி ரேங்குக்கு 15 வருஷம் சர்வீஸ் இருந்தாதான் சர்வீஸ் பென்ஷன். அதுக்கு முன்னாடியே விலகி பென்ஷன் இல்லாம வந்தவரா இருந்தா மனைவிக்கும் குடும்ப பென்ஷன் வராது, அவங்களுக்கு நலநிதி உதவிகள் தனியா இருக்கு, அதை 3-வதுல சொல்ற மாவட்ட அலுவலகத்துல கேளுங்க.

3. மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம்

அநேகமா மாவட்டத்துக்கு ஒண்ணு உண்டு, உதவி இயக்குநர்தான் அங்க அதிகாரி. மதுரை மாவட்டத்துல எந்த ஊரா இருந்தாலும், உசிலம்பட்டி, பேரையூர், மேலூர், எதுவா இருந்தாலும் அங்கதான் போகணும். தேனி, திண்டுக்கல், விருதுநகர்க்காரங்களுக்கு அந்தந்த மாவட்டத்துல. காலையில பத்து மணிக்கெல்லாம் போயிருங்க, மனைவியைக் கூட்டிட்டுப் போங்க. மகனோ மருமகனோ மட்டும் போய் நின்னா பாதி விஷயம் நகராது.

அங்க செய்ய வேண்டியது ரெண்டு. ஒண்ணு, இறந்ததைப் பதிஞ்சு மனைவி பேர்ல ஐடி கார்டுக்கு என்ன வேணும்னு கேக்குறது. ரெண்டாவது, அந்த அலுவலகத்துலயே மாமா முன்னாடி பதிஞ்சு வச்ச பழைய ஃபாரத்துல மனைவி பேரு இருக்கான்னு பாக்கச் சொல்றது. எங்க கேஸ்ல இருந்துச்சு! 1984-ல மாமா பதிஞ்சப்ப அத்தை பேரு, ரெண்டு பிள்ளைங்க பேரு எழுதியிருக்காரு. இதை நான் கேட்டது எட்டு மாசம் கழிச்சு, ஒரு ரிட்டயர்ட் சுபேதார் டீக்கடையில வச்சு சொன்னதுக்கு அப்புறம்தான். அவரா சொல்லலைன்னா இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது.

4. ரெக்கார்ட்ஸ் ஆபீஸ்க்கு எழுதுறது

சிப்பாய்களோட மொத்த சர்வீஸ் பேப்பரும் அந்தந்த ரெஜிமெண்ட்டோட ரெக்கார்ட்ஸ்ல இருக்கும். மெட்ராஸ் ரெஜிமெண்ட்டுக்கு நீலகிரியில வெலிங்டன், எம்இஜி-க்கு (மெட்ராஸ் இன்ஜினியர் குரூப்) பெங்களூரு, ஆர்ட்டிலரிக்கு நாசிக் ரோடு, சிக்னல்ஸ்க்கு ஜபல்பூர், இஎம்இ-க்கு (வண்டி, இயந்திரம் பழுது பாக்குற பிரிவு) செகந்திராபாத். பென்ஷன் உத்தரவு போடுறது பிரயாக்ராஜ்ல இருக்குற பிசிடிஏ பென்ஷன் ஆபீஸ், ஆனா ரெக்கார்ட்ஸ் அனுப்பாம அங்க ஒண்ணும் நடக்காது. நிறைய பேரு பிரயாக்ராஜ்க்கே லெட்டர் மேல லெட்டர் போட்டுக்கிட்டு இருப்பாங்க, நானும் மூணு லெட்டர் போட்டேன்.

பட்டாளத்துல கல்யாணம், குழந்தை பிறப்பு எல்லாம் பார்ட் டூ ஆர்டர்னு ஒண்ணுல வெளியிடுவாங்க. லீவுல வந்து தாலி கட்டிட்டுத் திரும்பிப்போனவரு யூனிட்ல சொல்லி அதைப் போட வச்சிருந்தா பிரச்சனையே இல்லை. நிறைய பேரு சொல்ல மாட்டாங்க, இல்லைன்னா சொல்லியும் கிளார்க் போட்டிருக்க மாட்டாரு. அது இருக்கா இல்லையான்னு தெரிஞ்சுக்க ஆர்டிஐ (தகவல் உரிமைச் சட்ட மனு) போடுங்க, சாதா லெட்டர் போட்டுட்டுக் காத்திருக்காதீங்க. கேக்க வேண்டியது: கல்யாணம் குறிச்ச பார்ட் டூ ஆர்டர், ஷீட் ரோல் (சர்வீஸ் விவரத் தாள்), கிண்ட்ரெட் ரோல் (குடும்பத்து ஆளுங்க பட்டியல்) இது மூணோட காப்பி. ஃபீஸ் 10 ரூபா, போஸ்டல் ஆர்டரா வைக்கலாம், ஆன்லைன்லயும் கட்டலாம். 30 நாள்ல பதில் வரணும், வரலைன்னா முதல் அப்பீல். மனைவி பேர்லயே போடுங்க, இறப்புச் சான்று, ஆதார் காப்பி வைங்க, இல்லைன்னா அடுத்தவங்க விவரம்னு சொல்லித் திருப்பி அனுப்ப வாய்ப்பு இருக்கு.

எங்களுக்கு வந்த பதில்ல கிண்ட்ரெட் ரோல்ல மாமாவோட அம்மா பேரும் தம்பி பேரும்தான் இருந்துச்சு, பார்ட் டூ ஆர்டர் இல்லை. ஆனா லீவு ரெக்கார்டுல 1975 வைகாசி சமயம் 60 நாள் லீவு எடுத்தது இருந்துச்சு, அது பின்னாடி கோர்ட்ல கை குடுத்துச்சு.

5. பேரு, பிறந்த தேதி

பாதி விதவைகளோட கேஸ் கல்யாணத்துல மாட்டுறது இல்லை, பேருல மாட்டுது. ரேஷன் கார்டுல பேச்சியம்மாள், ஆதார்ல முத்துப்பேச்சி, பட்டாளத்து ரெக்கார்டுல வடநாட்டுக் கிளார்க் காதுல விழுந்த மாதிரி எழுதுன ஏதோ ஒண்ணு. கல்யாணத்துக்கு முன்னாடி அப்பா இனிஷியல், பின்னாடி வீட்டுக்காரர் இனிஷியல், இது நமக்கு சகஜம், ஆனா ஆபீஸ்காரங்களுக்கு அது ரெண்டு பொம்பளைங்க.

எதை வச்சுத் திருத்துறதுன்னு முதல்ல முடிவு பண்ணுங்க. ரெக்கார்டுல இருக்குற மாதிரியே ஆதாரை மாத்திட்டா வேலை முடிஞ்சதுன்னு ஒரு இ-சேவை மையத்துல சொன்னாங்க, நல்லவேளை செய்யலை. ஆதார்ல பேரு ரெண்டு தடவைதான் மாத்த முடியும், பிறந்த தேதி ஒரே ஒரு தடவைதான். அதை மாத்துனா பான், பேங்க், ரேஷன் கார்டு, வாரிசு சான்று எல்லாம் ஒண்ணொண்ணா முட்டும். சின்ன எழுத்து வித்தியாசம்னா இந்த ரெண்டு பேருலயும் இருக்குறது ஒருத்தரேன்னு நோட்டரி அஃபிடவிட், கூடவே விஏஓ அல்லது தாசில்தார் குடுக்குற ஒரே நபர் சான்று, பெரும்பாலும் இதுலயே முடியும். பேரே வேறன்னா தமிழ்நாடு அரசிதழ்ல வெளியிடுறது வரைக்கும் போகலாம். அஃபிடவிட்டுக்கு முன்னாடி 20 ரூபா பத்திரம் போதும், 2024-ல இருந்து 200 ரூபா, பழைய நெனப்புல 20 ரூபாய்க்கு எழுதி வாங்கிட்டு வந்துராதீங்க.

6. கல்யாணத்துக்கான ஆதாரம் சேக்குறது

இப்பப் போய் சார்பதிவாளர் ஆபீஸ்ல கல்யாணத்தைப் பதிஞ்சிரலாம்னு ஒருத்தர் கண்டிப்பா வருவாரு. ரெண்டு பேரும் நேர்ல வந்து கையெழுத்துப் போடணும், ஒருத்தர் இல்லாம எப்படிப் பதியிறது. 2009 நவம்பர் 24-க்குப் பிறகு நடந்த கல்யாணத்தைத்தான் தமிழ்நாட்டுல கட்டாயமாப் பதியணும்னு சட்டம், அதுக்கு முந்தின கல்யாணம் பதியலைன்னா செல்லாதுன்னு அர்த்தம் இல்லை. பழைய தேதி போட்டு சர்டிபிகேட் எடுத்துத் தர்றேன்னு எங்ககிட்ட ஒருத்தர் 15,000 கேட்டாரு. அது போலி ஆவணம், பிடிச்சா பென்ஷனும் போகும் கேஸும் வரும்.

வலுவான பேப்பர்னா அவரு உயிரோட இருந்தப்ப, இந்தப் பென்ஷனை நெனைக்காம உண்டான பேப்பர்தான். பிள்ளைங்க பிறப்புச் சான்று, ஸ்கூல் டிசி, பழைய வாக்காளர் பட்டியல்ல கணவர் பேரு இருக்குற பக்கம், ரேஷன் கார்டு, எல்ஐசி நாமினி, ஜாயிண்ட் அக்கவுண்ட் பாஸ்புக், இசிஎச்எஸ் கார்டு (முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டம்), கேண்டீன் கார்டு. கோயில்ல கல்யாணம்னா கட்டணம் கட்டுன ரசீது, கோயில் ஆபீஸ்ல பழைய பதிவேடு இருக்கான்னு எழுதிக் கேளுங்க. கிறிஸ்தவங்களுக்கு சர்ச் பதிவேட்டு நகல், முஸ்லிம்களுக்கு ஜமாத் நிக்காஹ் பதிவேடு, இது ரெண்டும் நம்ம பக்கத்தைவிட எவ்வளவோ ஒழுங்கா இருக்கும். கோயில், ஐயர்னு எதுவும் இல்லாம மாலை மாத்துன சுயமரியாதைக் கல்யாணமா இருந்தாலும் பயப்படாதீங்க, இந்து திருமணச் சட்டத்துல தமிழ்நாட்டுக்குன்னே 7ஏ பிரிவு இருக்கு, உறவுக்காரங்க முன்னாடி மாலையோ மோதிரமோ மாத்துனாலும் தாலி கட்டுனாலும் செல்லும்.

அடுத்து மொய் நோட்டு. சிரிக்காதீங்க. எங்க அத்தை கல்யாண மொய் நோட்டு கரையான் அரிச்சது போக மிச்சம் இருந்துச்சு, முதல் பக்கத்துல மஞ்சள் தடவி மாப்பிள்ளை பேரு, பொண்ணு பேரு, தேதி, அப்புறம் தாய்மாமன் 51 ரூபான்னு ஆரம்பிச்சு ஊர் ஊரா எழுதியிருந்துச்சு. அது மட்டும் போதாது, ஆனா அதுல மொய் செஞ்சவங்க ரெண்டு பேரு உயிரோட இருந்து சாட்சி சொன்னா கதையே வேற. அப்புறம் 56 ஏபிஓ-ன்னு (பட்டாளத்துத் தபால் ஆபீஸ்) முத்திரை குத்துன இன்லாண்ட் லெட்டர்கள், மணியார்டர் கூப்பன். அத்தைக்குப் படிக்கத் தெரியாது, சின்ன வயசுல நான்தான் அதையெல்லாம் வாசிச்சுக் காட்டியிருக்கேன், பாதி லெட்டர்ல மாட்டுக்குத் தவிடு வாங்குனியான்னுதான் கேட்டிருப்பாரு. தபால் முத்திரையில தேதி தெளிவா தெரியுறதைத் தனியா எடுத்து வைங்க.

தமிழ்ல இருக்குற எல்லாத்துக்கும் இங்கிலீஷ் மொழிபெயர்ப்பு எடுத்து நோட்டரி போடுங்க, வெளி மாநில ரெக்கார்ட்ஸ்ல தமிழ் வாசிக்க ஆள் இருக்கணும்னு கட்டாயமா என்ன. ஒரிஜினலைத் தபால்ல அனுப்பாதீங்க, அட்டெஸ்டட் காப்பி மட்டும் ஸ்பீட் போஸ்ட்ல.

வாரிசு சான்று இ-சேவையில போடலாம், கட்டணம் 60 ரூபா, விஏஓ, ஆர்ஐ, தாசில்தார்னு போகும். விஏஓ விசாரிக்க வர்ற அன்னைக்கு அக்கம்பக்கத்து ஆளுங்க ரெண்டு பேரை வீட்டுல வச்சிருங்க. மறுமணம் செய்யலைங்கிற சான்றும் கேப்பாங்க. ஆனா வாரிசு சான்று மட்டும் காட்டி நான்தான் மனைவின்னு சொன்னா ரெக்கார்ட்ஸ் ஒத்துக்காம போகலாம், எங்களை ஒத்துக்கலை.

7. கோர்ட்

இதெல்லாம் அனுப்பியும் கோர்ட் டிகிரி (தீர்ப்பு உத்தரவு) கொண்டாங்கன்னு பதில் வந்தா மனசு விட்டுராதீங்க, எங்களுக்கு வந்ததும் அதுதான். குடும்ப நீதிமன்றத்துல, இன்னாருக்கு இன்னார் சட்டப்படி மனைவின்னு அறிவிக்கச் சொல்லிப் போடுற வழக்கு இது. நீண்ட நாள் கணவன் மனைவியா ஒண்ணா வாழ்ந்து ஊரும் அப்படியே ஏத்துக்கிட்டா கல்யாணம் நடந்ததுன்னு கோர்ட் அனுமானிக்கலாம், எதிர்த்து யாராவது நிரூபிக்காத வரைக்கும். அதனால சாட்சிதான் உயிர். கல்யாணத்தைக் கண்ணால பாத்தவங்க வயசானவங்களா இருப்பாங்க, வெரசா போடுங்க. எங்க பெரிய சாட்சியே மாமாவோட தம்பிதான், வாக்குமூலம் குடுத்த நாலாவது மாசம் அவரும் போயிட்டாரு.

வக்கீல் ஃபீஸ்க்கு காசு இல்லைன்னா மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்க, பெண்களுக்கு வருமானம் எவ்வளவா இருந்தாலும் இலவச வக்கீல் உண்டு, அது சட்டம். 15100-க்கு போன் போட்டாலும் சொல்லுவாங்க. இது தெரியாம நாங்க ஒருத்தருக்கு 10,000 அட்வான்ஸ் குடுத்து அவரு ரெண்டு வாய்தாவுக்கு வரவே இல்லை.

வக்கீல்கிட்ட மூணு விஷயம் அழுத்திச் சொல்லுங்க. பிள்ளைங்களை மட்டும் பிரதிவாதியாப் போட்டு ஒரு எக்ஸ்பார்ட்டி டிகிரி (எதிர்த்தரப்பு வராம கிடைக்கிற தீர்ப்பு) வாங்கிட்டா, எங்களை வழக்குல சேக்கவே இல்லையேன்னு ரெக்கார்ட்ஸ் தட்டிவிட வழி இருக்கு, அதனால ரெக்கார்ட்ஸ், அரசாங்கத்தையும் சேக்கணுமான்னு முதல்லயே பேசிருங்க. அரசாங்கத்தைச் சேத்தா பொதுவா ரெண்டு மாச நோட்டீஸ் குடுத்துட்டுத்தான் வழக்கு, அந்த ரெண்டு மாசத்தையும் கணக்குல வைங்க. டிகிரியில அவரோட ஆர்மி நம்பர், ரேங்க், மனைவியோட ஆதார்ப் பேரு, கல்யாணத் தேதி நாலும் வரணும். எங்களுக்கு 13 மாசத்துல டிகிரி கிடைச்சுச்சு, அதுல நம்பர்ல ஒரு எண் தப்பா டைப் ஆகி அதைத் திருத்த இன்னும் ஒண்ணரை மாசம்.

ரெண்டாவது சம்சாரம்னா வேற கணக்கு. முதல் மனைவி உயிரோட, விவாகரத்து இல்லாம இருக்குறப்ப நடந்த கல்யாணம் இந்துக்களுக்குச் செல்லாது, எத்தனை வருசம் வாழ்ந்திருந்தாலும். நம்ம பக்கம் ஊர்ப் பஞ்சாயத்துல அத்துவிட்டோம்னு சொல்லுவாங்க, அந்த வழக்கம் உங்க சாதியில காலங்காலமா இருந்துச்சு, அதுபடிதான் பிரிஞ்சாங்கன்னு கோர்ட்ல நிரூபிச்சா சட்டம் ஏத்துக்கும், வாய்ப்பேச்சுக்கு ஏத்துக்காது. அந்தக் கல்யாணத்துல பிறந்த பிள்ளைங்களுக்கு உரிமை தனியா இருக்கு, அதை விட்டுராதீங்க.

டிகிரி குடுத்தும் மறுத்தா ஆயுதப்படை தீர்ப்பாயம், சென்னை பெஞ்ச். லேட்டாப் போனா அரியர்ஸ் பொதுவா வழக்குப் போட்டதுக்கு முந்தின மூணு வருசத்துக்குத்தான் தருவாங்க, அதனால தள்ளிப்போடுறது நட்டம்.

8. ஸ்பர்ஷ்ல அப்ளை பண்றது

இப்ப எல்லாம் ஸ்பர்ஷ்ங்கிற பட்டாளத்து பென்ஷன் போர்ட்டல் வழியாத்தான். ஆன்லைன்ல தெரியலைன்னா சிஎஸ்சி (பொது சேவை மையம்) சென்டர், சில பேங்க் கிளைகள், ஸ்பர்ஷ் சர்வீஸ் சென்டர்ல செய்வாங்க. கையில இருக்க வேண்டியது இறப்புச் சான்று, பிபிஓ, ஆதார், பான், மனைவி பேர்ல பாஸ்புக், போட்டோ, டிகிரி இருந்தா அது. ஆதார்ல இருக்குற மொபைல் நம்பர் உயிரோட இருக்கணும், ஓடிபி வரும். அத்தை ஆதார்ல இறந்துபோன மாமாவோட பழைய நம்பர் இருந்துச்சு, சிம் எப்பவோ டெட். அதை மாத்த ஒரு நாள் போச்சு.

9. எவ்வளவு வரும், எவ்வளவு ஆகும்

சாதாரண குடும்ப பென்ஷன் கடைசிச் சம்பளத்துல 30 சதவீதம், குறைஞ்சது மாசம் 9,000, அதுக்கு மேல அகவிலைப்படி. சர்வீஸ்ல இருக்கும்போதே இறந்தா முதல் 10 வருசம் 50 சதவீதம். பென்ஷன்ல வந்தப்புறம் இறந்தா 7 வருசம் இல்லைன்னா அவருக்கு 67 வயசு ஆகுற நாள் வரைக்கும், எது முந்துதோ அதுவரைக்கும் கூடுதல் வீதம். குடும்ப பென்ஷன் உயில்ல எழுதி இன்னொருத்தருக்குக் குடுக்குற சொத்து கிடையாது, கொழுந்தன்மார் பங்கு கேட்டா இதைச் சொல்லுங்க.

எங்க செலவு, ஓடிப்போன வக்கீல் அட்வான்ஸ் சேத்து, சுமார் 38,000. நீங்க இலவச வக்கீலும் ஆர்டிஐ-யும் வச்சு ஒழுங்காப் போனா இதுல கால்வாசிகூட ஆகாது. டிகிரி அனுப்புனதுல இருந்து பணம் விழ ஏழு மாசம், மாமா இறந்த மறுநாள்ல இருந்து கணக்குப் போட்டு அரியர்ஸ் சேந்து வந்துச்சு, கருமாதிக்கு எடுத்ததைக் கழிச்சுக்கிட்டு.

வருசத்துக்கு ஒரு தடவை லைஃப் சர்டிபிகேட் குடுக்கணும், அடுத்து எந்த மாசம்னு ஸ்பர்ஷ்லயே காட்டும், விட்டா பென்ஷன் நின்னுரும். நாத்து நட்டு களை எடுத்த கைக்கு மெஷின்ல ரேகை விழாது, அத்தைக்கு நாலு சென்டர்ல வச்சுப் பாத்தும் விழலை. மொபைல்ல முகத்தைக் காட்டிச் செய்ற ஆப் இருக்கு, வீட்டுத் திண்ணையில உக்கார வச்சு, கண்ணைச் சிமிட்டுங்கத்தேன்னு சொல்லி அஞ்சு நிமிசத்துல முடிச்சேன்.